வன்னியில் இருந்து ஆசிரியர் ஆவது எப்படி? நியமனக் கடிதத்தில் இருந்து தொடங்குவோம்

ஏ.எல் (உயர்தரப் பரீட்சை) ரிசல்ட் வந்த கையோடு எங்கள் வீட்டு வாசலுக்கு வரும் தம்பி தங்கச்சிமார் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "அக்கா, ரீச்சர் ஆகிறதுக்கு எந்த கம்பஸுக்குப் போட வேணும்?" இந்தக் கேள்வியை இரண்டு வருசம் முன்னமே கேட்டிருந்தால் நல்லது என்று மனதுக்குள் நினைத்துக்கொள்வேன். சரி, இப்போதாவது கேட்டார்களே.

சில நாடுகளில் பரீட்சை எழுதி ஆசிரியர் உரிமம் எடுக்க வேண்டும். இங்கே அரச பாடசாலையில் படிப்பிப்பதற்கு அப்படி ஒரு அட்டை கிடையாது. இலங்கை ஆசிரியர் சேவைக்குள் உங்களை எடுத்ததாகச் சொல்லும் நியமனக் கடிதம்தான் எல்லாம். அந்தக் கடிதத்தில் உங்கள் பெயருக்கு அடுத்தபடி முக்கியமான சொல் 'நியமனப் பாடம்'. கணிதம், விஞ்ஞானம், தமிழ், சங்கீதம் என்று ஏதோ ஒன்று இருக்கும். வெற்றிடமும் போட்டிப் பரீட்சையும் இடமாற்றமும் அந்தப் பாடத்தைச் சுற்றியே ஓடும். ஆகவே அந்தச் சொல்லில் இருந்து பின்னோக்கி வாருங்கள்.

முதலாவது: பாடம்

ஓ.எல் (சாதாரண தரப் பரீட்சை) முடிந்ததும் பாடத்தைத் தீர்மானிக்க வேண்டும். வன்னியில் எல்லாப் பாடசாலையிலும் எல்லாப் பிரிவும் இல்லை. விஞ்ஞான, கணிதப் பிரிவு 1ஏபி என்ற வகைப் பாடசாலையில்தான் உண்டு. 1சி என்றால் கலையும் வர்த்தகமும்தான். துணுக்காய்ப் பக்கமோ மடுப் பக்கமோ இருக்கும் பிள்ளை கணிதம் படிக்க வேண்டுமானால் வீட்டை விட்டு ரவுணுக்குப் போய் நிற்க வேண்டி வரலாம். அதனாலேயே பலர் பக்கத்தில் இருக்கும் கலைப்பிரிவில் சேர்ந்துவிடுகிறார்கள். கலை கெட்டது என்று சொல்ல வரவில்லை. ஆனால் கலைப் பட்டதாரிகள் வருசா வருசம் வெளியே வந்துகொண்டே இருக்கிறார்கள், வெற்றிடம் அந்த வேகத்தில் வருவதில்லை. 2017-இல் வேலையற்ற பட்டதாரிகள் யாழ்ப்பாணம் கச்சேரி (மாவட்டச் செயலகம்) வாசலில் மாதக்கணக்கில் இருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் படிப்பிக்க ஆள் தேடும் பாடசாலைகளோ இன்றைக்கும் எங்கள் பக்கம் இருக்கின்றன.

அயலில் இருக்கும் நாலு பாடசாலைக்குப் போய், எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை என்று அதிபரிடம் நேரே கேளுங்கள். சொல்வார்கள்.

இரண்டாவது: வாசல்

மூன்று வாசல் இருக்கிறது.

ஒன்று, தேசிய கல்வியியற் கல்லூரி. வன்னிக்குள்ளேயே வவுனியா பூந்தோட்டத்தில் ஒன்று உண்டு. இது பல்கலைக்கழகம் இல்லை, ஏ.எல் பெறுபேற்றை வைத்து வர்த்தமானி அறிவித்தல் மூலம் எடுப்பார்கள், வயதெல்லையும் உண்டு. இரண்டு வருசம் விடுதியில் தங்கிப் படிப்பு, மூன்றாம் வருசம் ஒரு பாடசாலையில் கட்டுறுபயிற்சி. முடிந்ததும் கற்பித்தல் டிப்ளோமா. கம்பஸ் கிடைக்காதவர்கள் போகும் இடம் என்று இதை இளக்காரமாகப் பேசுபவர்கள் உண்டு. நல்ல ஆசிரியர்கள் சிலரிடம் எங்கே படித்தீர்கள் என்று கேட்டுப் பார்த்தால் அந்தப் பேச்சு நின்றுவிடும்.

இரண்டு, கல்விமாணிப் பட்டம். படிப்பித்தலையே பட்டமாகப் படிப்பது. கொழும்புப் பல்கலைக்கழகத்திலும் திறந்த பல்கலைக்கழகத்திலும் கல்விப் பீடம் இருக்கிறது.

மூன்று, எங்கள் பக்கத்தில் பெரும்பாலானோர் போகும் வழி. முதலில் ஒரு பாடத்தில் பட்டம், பிறகு நியமனம், அதன்பின் பட்டப்பின் கல்வி டிப்ளோமா. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை, விஞ்ஞானம், சங்கீதம், நடனம் எல்லாம் உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகமாகப் பம்பைமடுவில் இருந்தது, 2021 ஓகஸ்ட் 1-இல் வவுனியாப் பல்கலைக்கழகம் ஆகிவிட்டது. அங்கே பிரயோக விஞ்ஞான பீடம் இருக்கிறது. விஞ்ஞானப் பட்டங்கள் ஆங்கிலத்தில்தான். முதல் ஆறு மாதம் விரிவுரை ஒன்றும் விளங்காது. எல்லாருக்கும் அப்படித்தான், பயந்து விட்டுவிட்டு வராதீர்கள்.

மூன்றாவது: விண்ணப்பம்

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் மாணவர் கையேட்டை வாங்கி, விண்ணப்பிப்பதற்கு முன்பே வாசித்துவிடுங்கள். பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீத இடம் நாடு முழுவதற்குமான திறமை வரிசையில் போகும். 55 வீதம் மாவட்டங்களுக்குச் சனத்தொகைப்படி. மிகுதி 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை என்று குறிக்கப்பட்ட மாவட்டங்களுக்கு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நான்கும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன.

எந்த மாவட்டக் கணக்கில் வருவீர்கள் என்பது, பரீட்சைக்கு முந்தைய மூன்று வருசம் எங்கே படித்தீர்கள் என்பதைப் பொறுத்தது. யாழ்ப்பாணத்துக்கு டியூசனுக்காகப் பாடசாலை மாற நினைப்பவர்கள் இதை யோசித்து மாறுங்கள்.

விருப்ப வரிசையை எழுதும்போது மாமாவையும் பக்கத்து வீட்டையும் கேட்காமல், உங்களுக்கு உண்மையாகவே பிடித்ததை மேலே போடுங்கள். உங்கள் இசட் புள்ளிக்கு (ஏ.எல் பெறுபேற்றில் இருந்து கணிக்கும் தரப்புள்ளி) எட்டுவதில் மேலே இருப்பதைத்தான் தருவார்கள்.

நான்காவது: கடுதாசிகள்

இது வன்னிப் பிள்ளைகளுக்கென்றே எழுதுவது. 2009-இல், போரின் கடைசியில், பங்கருக்கும் தறப்பாளுக்கும் நடுவில் எத்தனை வீட்டு ஆவணங்கள் போயின என்று சொல்லத் தேவையில்லை. என் வீட்டில் ஒரு ஷொப்பிங் பை மட்டும் மிஞ்சியது. அதிலும் பிறப்புச் சான்றிதழ் இல்லை. முகாமில் யாரோ நிரப்பிய படிவத்தில் என் பெயரில் 'ழ' போய் 'ல' வந்துவிட்டது. பாடசாலை இடாப்பில் அது அப்படியே ஏறி, ஓ.எல் சான்றிதழிலும் வந்தது. கம்பஸ் பதிவு நாளில் கவுண்டரில் இருந்தவர் இரண்டு கடுதாசியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "இது நீர்தானா?" என்று கேட்டார். அன்றைக்கு அந்த ஓர் எழுத்துக்காக மூன்று பஸ் ஏறினேன்.

நீங்கள் இப்போதே செய்யுங்கள். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, ஓ.எல், ஏ.எல் சான்றிதழ் நாலையும் மேசையில் விரித்து எழுத்தெழுத்தாகப் பெயரை ஒப்பிடுங்கள். பிறப்புச் சான்றிதழ் பிரதி பிரதேச செயலகத்தில் எடுக்கலாம். பெயர் வித்தியாசம் இருந்தால் சமாதான நீதவானிடம் சத்தியக்கடதாசி முடித்துக்கொள்ளுங்கள். விதானையாரின் (கிராம அலுவலரின்) வதிவிடச் சான்றிதழைக் கடைசிக் கிழமைக்கு வைக்காதீர்கள். எல்லாவற்றிலும் ஐந்தைந்து போட்டோக்கொப்பி. கம்பஸ் மாணவருக்கான மகாபொல புலமைப்பரிசிலுக்குப் போடும்போதும் இதே கட்டுத்தான் உதவும்.

ஐந்தாவது: படிப்பிக்கப் பழகுதல்

பட்டம் பாடத்தைத் தரும், வகுப்பை ஆளத் தராது. அதைப் பயிற்சியில்தான் பிடிக்க வேண்டும். பாடக்குறிப்பு எழுதும் முறை இது: தேர்ச்சி, தேர்ச்சி மட்டம், கற்றற்பேறு (பாடம் முடியப் பிள்ளைக்கு என்ன வர வேண்டும் என்பது), பிறகு பாடவேளையைத் துண்டு போட்டு எந்த நிமிடத்தில் என்ன என்று எழுதுவது. தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் முதல் மூன்றும் கிடைத்துவிடும்.

நாலாவதுதான் வில்லங்கம். என் முதல் பயிற்சி வகுப்பு தரம் 6, பின்னங்கள். வீட்டில் சுட்ட ரொட்டி ஒன்றைக் கொண்டுபோய் எட்டுத் துண்டாக வெட்டினேன். குறிப்பில் இதற்கு 5 நிமிடம். அரைவாசி, கால்வாசி, எட்டில் ஒன்று என்று நன்றாகத்தான் போனது. முன்வாங்கில் இருந்த ஒரு பொடியன் கை உயர்த்தினான். "ரீச்சர், முடிஞ்சால் சாப்பிடலாமோ?" காலைப் பஸ்ஸுக்கு ஓடிவந்ததில் சாப்பிடாமல் வந்திருக்கிறான். எட்டுத் துண்டை இருபது பேருக்குப் பங்கிட்டதில் 20 நிமிடம் போயிற்று. எட்டை இருபதால் வகுத்தால் ஐந்தில் இரண்டு என்று அன்றைக்குப் படித்த பிள்ளைகள் பிறகு மறக்கவில்லை. மேற்பார்வைக்கு வந்த விரிவுரையாளர் மட்டும் நேர முகாமைக்குப் புள்ளியைக் குறைத்துவிட்டார். நியாயம்தான்.

ஆறாவது: நியமனம்

பட்டதாரி நியமனத்துக்கு வடமாகாணத்தில் விண்ணப்பம் கோருவார்கள். பத்திரிகையையும் மாகாண இணையத்தளத்தையும் பார்த்துக்கொண்டே இருங்கள். மத்திய அரசின் வர்த்தமானி வெள்ளிக்கிழமைகளில் வரும். போட்டிப் பரீட்சை, பிறகு நேர்முகம். ஒரு சிறு பாடத்தைச் செய்து காட்டச் சொல்வார்கள். ஐந்து நிமிடத்தில் முடிக்கக்கூடிய ஒன்றைக் கையில் வைத்திருங்கள்.

கல்விமாணி முடிக்காதவர்கள் நியமனம் கிடைத்ததும் பட்டப்பின் கல்வி டிப்ளோமாவுக்குப் போடுங்கள். திறந்த பல்கலைக்கழகத்தில் தமிழிலேயே படிக்கலாம். தரவுயர்வு நேரத்தில் அது கட்டாயம் கேட்கப்படும்.

அப்புறம், சொந்த ஊர்ப் பாடசாலைதான் கிடைக்கும் என்று வீட்டில் சொல்லி வைக்காதீர்கள். வலயக் கல்விப் பணிமனையில் கடிதத்தை வாங்கியதும் பாடசாலையின் பெயரைப் பாருங்கள். அந்தப் பக்கத்துக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு, பிந்தினால் அடுத்தது எப்போது என்று அங்கேயே யாரிடமாவது கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.