புது லேப்டாப்பில் கை வைக்கும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓணம் ஆஃபர் முடிந்த கையோடு எங்கள் செங்கோட்டைக் கடைக்குப் புது லேப்டாப்கள் வர ஆரம்பித்துவிடும். 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த ஊர் இது. இன்றும் என் வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில்: ஆரியங்காவு, தென்மலை, புனலூர். அங்கே வாங்குவார்கள், ஏதாவது கோளாறு என்றால் தமிழில் சொல்லிச் சரிசெய்துகொள்ள இங்கே வருவார்கள்.

இந்த வருடம் வேலை கற்றுக்கொள்ள இரண்டு பசங்க சேர்ந்திருக்கிறார்கள். போன வாரம் அதில் ஒருவன், ஒரு கல்லூரிப் பெண்ணின் லேப்டாப்பில் பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்னால் எழும் அடிப்படை அமைப்பு) போய், செக்யூர் பூட் என்ற பாதுகாப்பை அணைத்துவிட்டு, சேவ் செய்ய எஃப்10 மேல் விரலை வைத்திருந்தான். "டேய், கையை எடு!" என்று கத்திவிட்டேன். கடையில் நான் சத்தம் போடுகிற ஆள் இல்லை. பையன் மிரண்டுபோனான். அன்று ராத்திரி உட்கார்ந்து எழுத ஆரம்பித்ததுதான் இது. சார்ஜரைச் சரியாகச் செருகுங்கள், பாஸ்வேர்டை மறக்காதீர்கள் என்பதெல்லாம் இதில் இருக்காது. அவை எல்லோருக்கும் தெரியும்.

முதல் நாளே "இது ஸ்லோ" என்று முடிவு கட்டுவது

புது லேப்டாப்பைத் திறந்து வைஃபை கொடுத்த உடனே விண்டோஸ் மாதக்கணக்கான அப்டேட்களை இறக்கும். டிரைவர்கள் (மெஷினின் பாகங்களை இயக்கும் மென்பொருள்கள்) வரும். கோப்புகளைத் தேடுவதற்கான பட்டியலைப் பின்னணியில் தயார் செய்யும். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதம் காட்டும், ஃபேன் இரையும். இது நோய் இல்லை. சார்ஜரில் போட்டு, ஒரு நாள் விட்டு, கேட்கும்போதெல்லாம் ரீஸ்டார்ட் கொடுங்கள். மறுநாளும் அப்படியே இருந்தால் அப்புறம் பார்க்கலாம்.

ஷட் டவுன் செய்தால் எல்லாம் புதிதாகத் தொடங்கும் என்று நினைப்பது

தொடங்காது. விண்டோஸ் 8 வந்ததிலிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று இருக்கிறது. ஷட் டவுன் கொடுத்தால் உங்கள் புரோகிராம்கள் மூடும்; ஆனால் விண்டோஸின் உள்பகுதி அப்படியே டிஸ்க்கில் எழுதி வைக்கப்பட்டு, மறுநாள் அதே நிலையில் எழுந்து வரும். நேற்று சிக்கிக்கொண்ட டிரைவர் இன்றும் சிக்கியே இருக்கும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் உண்மையிலேயே புதிதாகத் தொடங்கும். "தினமும் ஆஃப் பண்றேன் அண்ணாச்சி" என்று சொன்னவரின் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் அப் டைம் (கடைசியாகப் புதிதாகத் தொடங்கியதிலிருந்து ஆன நேரம்) பத்து நாள் காட்டும். அவர் பொய் சொல்லவில்லை.

சாவி எங்கே என்று தெரியாமல் பயாஸைத் தொடுவது

நான் கத்தியது இதற்காகத்தான்.

2022-இல் ஆரியங்காவிலிருந்து ஒரு தம்பி வந்தார். கல்யாண வீடியோ எடுப்பவர். ஓணத்துக்கு வாங்கிய லேப்டாப் தூங்கி எழும்போது சில நேரம் அப்படியே உறைந்துபோகிறது என்றார். கோளாறு விண்டோஸிலா, மெஷினிலா என்று பார்க்க, பென் டிரைவிலிருந்து வேறு சிஸ்டத்தை ஓட்டிப் பார்ப்பது என் வழக்கம். அதற்காகச் செக்யூர் பூட்டை அணைத்தேன். பென் டிரைவில் எல்லாம் நன்றாகவே ஓடியது. சரி, மெஷினில் குறை இல்லை என்று பென் டிரைவை உருவிவிட்டு ஆன் செய்தேன்.

நீலத் திரை வந்தது. டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் ரெக்கவரி. 48 இலக்கச் சாவியைக் கேட்டு, கீழே ஒரு நீளப் பெட்டி.

அந்த நிமிடம் நான் பயாஸுக்குத் திரும்பிப் போய்ச் செக்யூர் பூட்டை மறுபடி ஆன் செய்திருந்தால், அநேகமாக ஒன்றும் கேட்காமல் விண்டோஸ் திறந்திருக்கும். அது அப்போது எனக்குத் தெரியாது. பூட்டின் சாவியை வைத்திருக்கும் டிபிஎம் என்ற சிப்பையே துடைத்துவிட்டால் கேள்வியே வராது என்று எண்ணி, பயாஸில் டிபிஎம் கிளியர் கொடுத்தேன். "உறுதியாகவா?" என்று கேட்டது. எஸ் கொடுத்து எஃப்10 அழுத்தினேன்.

அதில் நடந்தது இதுதான். விண்டோஸ் 11 ஹோம் உள்ள மெஷினிலும் டிவைஸ் என்கிரிப்ஷன் என்ற பெயரில் பிட்லாக்கர் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் முதன்முதலாக உள்ளே நுழைந்ததும், யாரையும் கேட்காமல் டிஸ்க் முழுவதையும் பூட்டிவிடும். 2024 இறுதியில் வந்த 24எச்2 பதிப்பிலிருந்து இன்னும் நிறைய மெஷின்களில் இப்படி நடக்கிறது. சாவி ஒன்று டிபிஎம் சிப்பில் இருக்கும். மெஷின் வழக்கமான முறையில் எழுந்தால் சிப் தானாகத் திறந்துவிடும். பயாஸில் செக்யூர் பூட் போன்றதை மாற்றினால் சந்தேகப்பட்டுச் சாவியைத் தராது. அப்போது உதவுவதற்கு 48 இலக்க ரெக்கவரி கீ, அந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். நான் சிப்பில் இருந்ததைத் துடைத்துவிட்டேன். மிச்சம் இருந்தது கணக்கில் உள்ளது மட்டும்.

"உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் எது தம்பி?" என்று கேட்டேன். அவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை. வாங்கிய கடையில், வேலை சீக்கிரம் முடியட்டும் என்று ஊழியர் ஒருவரே ஏதோ ஒரு மெயில் ஐடியை உருவாக்கி உள்ளே நுழைந்து, ஒரு பின் நம்பரை மட்டும் போட்டுக் கொடுத்திருக்கிறார். இருவரும் பஸ் ஏறி அந்தக் கடைக்குப் போனோம். ஊழியர் வேலையை விட்டுப் போய்விட்டார். ஐடி யாருக்கும் நினைவில்லை. எஸ்எஸ்டியைக் கழற்றி வேறு மெஷினில் போட்டும் பார்த்தேன். அங்கேயும் அதே சாவியைத்தான் கேட்டது. மைக்ரோசாஃப்டிடம் கேட்டாலும் புதுச் சாவி செய்து தர முடியாது.

உள்ளே மூன்று கல்யாணங்களின் காட்சிகள். மெமரி கார்டுகளை அடுத்த வேலைக்காக அவர் அழித்துவிட்டிருந்தார். அதில் ஒரு கல்யாணத்தின் தாலி கட்டும் காட்சி வேறு யாருடைய கேமராவிலும் இல்லை. அந்தப் பெண்ணின் அப்பா என் கடைக்கே வந்தார். சண்டை போடவில்லை. மேசை மேல் இருந்த லேப்டாப்பைத் தொட்டு, "உள்ளதான இருக்கு?" என்று கேட்டார். ஆமாம், உள்ளேதான் இருக்கிறது, திறக்க வழியில்லை என்று அவருக்குச் சொல்லிப் புரியவைக்க எனக்கு அரைமணி நேரம் ஆனது.

இன்றும் புது லேப்டாப் விற்கிற பலர், வாடிக்கையாளரை அவசரப்படுத்தி, தங்கள் கைக்கு வந்த ஐடியில் செட்டப் செய்து கொடுக்கிறார்கள். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. வீட்டை விற்றுவிட்டுச் சாவியைக் கொடுக்காமல் போவதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை.

அதனால் என் கடையில் இப்போது இதுதான் சட்டம். எந்த லேப்டாப் வந்தாலும், விண்டோஸ் திறக்கிற நிலையில் இருந்தால், முதலில் செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டிக்குள் போய் டிவைஸ் என்கிரிப்ஷன் ஆனில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால், வாடிக்கையாளரை அவருடைய போனிலேயே மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழையச் சொல்லி, அங்கே உள்ள ரெக்கவரி கீயைத் தாளில் எழுதிக்கொள்ளச் செய்ய வேண்டும். ஆறு இலக்கமாக எட்டுக் கூட்டம். பக்கத்தில் உள்ள கீ ஐடியையும் சேர்த்து எழுதுங்கள். ஒரே கணக்கில் பழைய மெஷின்களின் சாவிகளும் கிடக்கும். கணக்கு வேறு யாருடையதோ என்றால், என்கிரிப்ஷனை அணைத்து, பூட்டு முழுவதும் அவிழும்வரை சார்ஜரில் விட்டு, அவருடைய சொந்தக் கணக்குக்கு மாற்றி, மறுபடி ஆன் செய்தால் புதுச் சாவி அவர் கணக்குக்குப் போகும். வாரண்டியில் மதர்போர்டு மாற்றக் கொடுக்கும் முன்பும் இதைச் செய்யுங்கள். டிபிஎம் இருப்பது அந்தப் போர்டில்தான்.

நீலத் திரை ஏற்கெனவே வந்துவிட்டதா? கையைக் கட்டிக்கொள்ளுங்கள். பயாஸில் மாற்றியதைப் பழையபடி வையுங்கள். டிபிஎம் கிளியர் வேண்டாம். "ரீசெட் திஸ் பிசி" வேண்டாம். அது கடையைத் திறக்கப் பூட்டை உடைப்பது போல அல்ல, கடையையே இடிப்பது. கணக்கைத் தேடுங்கள்: அண்ணன் ஐடி, பள்ளியில் போட்ட ஐடி, கல்லூரி ஐடி. கல்லூரிக் கணக்கில் நுழைந்திருந்தால் சாவி கல்லூரியின் கம்ப்யூட்டர் பிரிவிடம் இருக்கலாம். அந்தத் தம்பி விஷயத்துக்குப் பிறகு, தேடித் தேடி இப்படி நான்கு பேருக்குச் சாவி கிடைத்திருக்கிறது.

எதற்கெடுத்தாலும் ஃபார்மட்

புது லேப்டாப்போடு வரும் விண்டோஸின் லைசென்ஸ் சாவி பயாஸிலேயே பதிந்திருக்கும். இந்தியாவில் பெரும்பாலும் அது ஹோம் சிங்கிள் லாங்குவேஜ். அதே பதிப்பை மறுபடி போட்டால், இணையம் கிடைத்ததும் தானாகவே ஆக்டிவேட் ஆகிவிடும். பையில் இருக்கிற ஏதோ ஒரு புரோ பென் டிரைவைப் போட்டுவிட்டு, ஆக்டிவேட் ஆகவில்லை என்று கிராக்கைத் தேடுவது, பணம் கொடுத்து வாங்கிய லைசென்ஸைத் தூக்கிப் போட்டுவிட்டு வைரஸை வாங்குவது.

இன்ஸ்டால் செய்யும்போது டிஸ்க்கே தெரியவில்லை என்றால் எஸ்எஸ்டி செத்துவிட்டது என்று சொல்லிவிடாதீர்கள். இன்டெல் 11-ஆம் தலைமுறை மெஷின்களிலிருந்து எஸ்எஸ்டியைக் கையாளும் விஎம்டி என்ற அமைப்பு பல லேப்டாப்களில் ஆனில் இருக்கிறது. கம்பெனி தளத்திலிருந்து இன்டெல் ஸ்டோரேஜ் டிரைவரை பென் டிரைவில் போட்டு, "லோட் டிரைவர்" கொடுத்தால் டிஸ்க் தெரியும். ஃபார்மட் முடிந்து வைஃபை வேலை செய்யாவிட்டால், போனை கேபிளில் இணைத்து யுஎஸ்பி டெதரிங் ஆன் செய்யுங்கள். மிச்ச டிரைவர்கள் அதன் வழியே வந்துவிடும்.

டிரைவர் அப்டேட்டர் மென்பொருள்கள்

வேண்டாம்.

இரண்டு ஆன்ட்டிவைரஸ்

ஒன்று போதும், அது ஏற்கெனவே விண்டோஸில் இருக்கிறது.

"512 ஜிபி என்றார்கள், 476தான் இருக்கிறது"

யாரும் ஏமாற்றவில்லை. கம்பெனி ஆயிரத்தால் பெருக்குகிறது, விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது.

சாரல் காலத்தில் பயாஸ் அப்டேட்

ஜூன், ஜூலையில் இங்கே காற்றடித்தால் கரண்ட் போய்ப் போய் வரும். பாதியில் நின்ற பயாஸ் அப்டேட் மதர்போர்டையே கொன்றுவிடலாம். பேட்டரி நிறைந்திருக்க வேண்டும், சார்ஜரும் செருகியிருக்க வேண்டும். அப்டேட் ஓடும்போது திரை கறுத்தாலும் பவர் பட்டனைத் தொடாதீர்கள்.

விண்டோஸ் பக்கத்திலேயே லினக்ஸ்

கேரளப் பள்ளிகளில், கைட் என்ற அரசு நிறுவனம் உபுண்டு என்ற லினக்ஸின் மேல் தயாரித்த சிஸ்டத்தில்தான் பிள்ளைகள் படிக்கிறார்கள். அதனால் புனலூர்ப் பக்கத்துப் பெற்றோர் "ரெண்டும் போட்டுத் தாங்க" என்று கேட்பது வழக்கம். நல்ல விஷயம். ஆனால் முதலில் ரெக்கவரி கீயை எழுதி வைத்துவிட்டு என்கிரிப்ஷனை அணையுங்கள். லினக்ஸுக்கு டிஸ்க் தெரியவில்லை என்று விஎம்டியை அணைத்தால் விண்டோஸ் எழாமல், சாவி கேட்காத வேறொரு நீலத் திரையில் விழும். ஆன் செய்தால் பழையபடி எழும், பயப்படத் தேவையில்லை.

இன்னொன்று. லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு வரும்போது கடிகாரம் சரியாக ஐந்தரை மணி நேரம் பின்னால் இருந்தால், லேப்டாப்பைத் திறந்து பயாஸ் பேட்டரியை மாற்றாதீர்கள். லினக்ஸ் மெஷினின் கடிகாரத்தில் உலக நேரத்தை எழுதுகிறது, விண்டோஸ் அதை நம் நேரம் என்று படிக்கிறது. லினக்ஸிடம் உள்ளூர் நேரத்தையே எழுதச் சொல்ல ஒரே ஒரு கட்டளை போதும். பசங்களில் மற்றவன் போன மாதம் இதற்காகவே இரண்டு லேப்டாப்களின் ஸ்க்ரூவைக் கழற்றி வைத்திருந்தான்.