ஆய்வு மென்பொருளின் மின்செலவைக் குறைத்தவரை அங்கீகரிப்பது எப்படி?

கொழும்பிலுள்ள ஆய்வுகூடங்களில் மழைவீழ்ச்சி மாதிரிகளும் மரபணு ஒப்பீடுகளும் இரவு பகலாக ஓடுகின்றன. அந்த நிரல்களை எழுதியவரின் பெயர் கட்டுரையில் இடம்பெறுகிறது. அவற்றைக் குறைந்த மின்சாரத்தில் ஓடச் செய்தவரின் பெயரோ பெரும்பாலும் எங்கும் வருவதில்லை. வீணாக ஓடிய ஒன்றை நிறுத்தும் வேலை யார் கண்ணிலும் படாது என்பதே இதற்குக் காரணம். ஆகவே, அதைப் பாராட்ட விரும்பும் குழுத் தலைவர் முதலில் அதை அளந்து காட்ட வேண்டும்.

பைத்தன் நிரலாயின் கோட்கார்பன் என்ற இலவச நிரல் நூலகத்தைச் சேர்த்து, மாற்றத்துக்கு முன்னும் பின்னும் மின்செலவை அளவிடுங்கள். பலர் பகிரும் வழங்கியாயின், ஓடிய நேரத்தையும் பயன்படுத்திய நினைவகத்தையும் கிரீன் அல்கோரிதம்ஸ் என்ற இணையக் கணிப்பானில் இட்டு மதிப்பீடு பெறலாம். ஒவ்வொரு நாளின் கணக்கீட்டுக்கும் முழு மழைத்தரவுக் கோப்பையும் திரும்பத் திரும்பத் திறந்த நிரலை, ஒரே தடவை வாசிக்கும்படி ஆய்வு மாணவி ஒருவர் திருத்துகிறார் என்று கொள்வோம். 400 வாற்று இழுக்கும் வழங்கியில் 50 மணித்தியாலம் எடுத்த வேலை 10 மணித்தியாலத்தில் முடிந்தால், ஓர் ஓட்டத்துக்கு 20 அலகாக இருந்த மின்செலவு 4 அலகாகிறது. குளிரூட்டிக்கான செலவு இதில் சேரவில்லை. கொழும்பு வெக்கையில் அது சிறிய தொகையன்று. பழைய விடையும் புதிய விடையும் ஒத்துப்போவதைச் சரிபார்த்த பின்னரே இந்தக் கணக்கை ஏற்க வேண்டும்.

இலங்கையில் ஒரு விடயத்தில் கூடுதல் கவனம் தேவை. நீர்த்தேக்கங்கள் நிரம்பிய மாதங்களில் நீர்மின்சாரத்தின் பங்கு கூடுகிறது, வறட்சியில் நுரைச்சோலை நிலக்கரியையும் எண்ணெயையும் கூடுதலாக நம்ப வேண்டியிருக்கிறது. ஆதலால் இந்தக் கருவிகள் காட்டும் காபன் உமிழ்வின் அளவை மட்டும் ஒப்பிட்டால், மழை செய்த உதவி நிரலாளரின் சாதனையாகத் தோன்றும், அல்லது அவருடைய உழைப்பு வறட்சியில் மறைந்துபோகும். அலகுக் கணக்கையே முதன்மையாக வையுங்கள். மென்பொருளின் காபன் செறிவை அளப்பதற்கென 2024 இல் வெளியான ஐஎஸ்ஓ நியமமும், மரம் நட்டு ஈடுசெய்ததைக் குறைப்பாக ஏற்பதில்லை. அதே கண்டிப்பை நாமும் கடைப்பிடிப்பதே நியாயம்.

அளந்ததை அப்படியே பெயரோடு பதியுங்கள். நிரல் களஞ்சியத்தின் மேற்கோள் கோப்பில் திருத்தியவரை ஆசிரியராகச் சேர்த்து, அந்தப் பதிப்பை செனோடோ என்ற இலவச ஆய்வுச் சேமிப்பகத்தில் இட்டு நிரந்தர அடையாள எண் பெறுங்கள்; அதன் பிறகு அது மேற்கோள் காட்டத்தக்க ஆய்வு வெளியீடாகிவிடும். கட்டுரையின் பங்களிப்புக் குறிப்பில் ‘மென்பொருள்’ என்ற பிரிவில் அவருடைய பெயரை எழுதுங்கள். பதவி உயர்வுக்கான பரிந்துரையில் ‘சுற்றுச்சூழல் அக்கறையுள்ளவர்’ என்ற பொதுப் புகழ்ச்சியால் பயனில்லை. எந்த நிரல், என்ன மாற்றம், ஓர் ஓட்டத்துக்கு எத்தனை அலகு மிச்சம் என்பவற்றைத் தெளிவாகக் குறிப்பிடுங்கள். தற்காலிக ஒப்பந்தத்தில் பணிபுரியும் ஆய்வு உதவியாளராயின், அவர் கேட்கும்வரை காத்திராமல், ஒப்பந்தம் முடியுமுன்பே அந்தக் கடிதத்தைக் கையொப்பமிட்டு அவரிடம் கொடுத்துவிடுங்கள்.