அம்மாச்சியின் வாழ்வை எழுதி வைப்பது எப்படி

இறந்தவருக்குச் செய்யும் அடியந்திரச் சடங்குக்கு அச்சடிக்கும் குறிப்பில் "அன்பானவர், உழைப்பாளி, தெய்வபக்தி மிக்கவர்" என்று போடுவது வழக்கம். இந்தச் சொற்கள் எந்த வீட்டுப் பாட்டிக்கும் பொருந்துமாதலால் முதலில் இவற்றை ஒதுக்கிவிடுங்கள். தன் விருப்பப்படி வாழ்ந்த ஒரு பெண்ணைப் பற்றி எழுத, அவர் எதற்கெல்லாம் சம்மதிக்கவில்லை, கைக்கு வந்த காசை என்ன செய்தார் என்ற இரண்டு கேள்விகளே போதிய தொடக்கம்.

கன்னியாகுமரி மாவட்டத்து விளவங்கோடு வட்டாரத்தில் கருப்பட்டி சுமந்து சந்தையில் விற்றவர் என் அம்மாச்சி. எழுதப் படிக்கத் தெரியாத அவருக்கு அடுக்களைக் கதவின் உட்புறமே கணக்குப் புத்தகம். யார் எவ்வளவு தர வேண்டும் என்பதைச் சுண்ணாம்பு தொட்டுப் புள்ளியாக வைப்பார். ஐந்து புள்ளி சேர்ந்தால் ஒரு கீறல் என்பது என் நினைவு. கடன் தீர்ந்ததும் ஈரத்துணியால் ஒரே இழுப்பு. மாமா கணக்குக் கேட்டால், "எனக்க பைசா, எனக்க கணக்கு, நீ ஒண்ணும் பறயண்டாம்" என்பார். அம்மாச்சி இறந்த பின் வீட்டைப் புதுப்பித்தபோது அந்தக் கதவுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்துவிட்டார்கள். ஒரு புகைப்படம்கூட இல்லை. ஆகவே எதையும் கழுவும் முன்பும் கழிக்கும் முன்பும் கடவம் (ஓலைப்பெட்டி), வெட்டோத்தி (வெட்டரிவாள்), கதவு, சுவர் எல்லாவற்றையும் படமெடுத்துவிடுங்கள்.

அடுத்தது காலக்கணக்கு. அடையாள அட்டையிலுள்ள பிறந்த தேதியை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அம்மாச்சியின் அட்டையில் இருந்த ஜனவரி 1, யாரோ கேட்க யாரோ சொன்னது. தாம் தொண்ணூற்றொன்பதாம் வெள்ளம் கழிந்து வந்த மாசியில் பிறந்ததாகவே அவர் சொல்வார். அந்தப் பெருவெள்ளம் மலையாள நாட்காட்டியான கொல்லம் ஆண்டு 1099-இல், அதாவது 1924 ஜூலையில் வந்தது; எனவே அவர் பிறந்தது 1925 பிப்ரவரி அல்லது மார்ச். கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறப்பதால், ஆவணி முதல் டிசம்பர் வரையுள்ள தேதிக்கு 824-ஐயும் அதன் பிறகு ஆடி முடிய 825-ஐயும் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைத்துவிடும்.

கணவர் இறந்ததும் திரும்ப அழைத்த அண்ணன்மாருடன் போகாமல், தன் பெயரில் அவர் வாங்கிய 12 சென்ட் விளையின் (தோட்டநிலம்) ஆதாரம் (பத்திரம்) கொல்லம் 1124 மகர (தை) மாதத்தது, அதாவது 1949-இன் தொடக்கம். இத்தகைய பழைய ஆதாரங்கள் மலையாள எழுத்தில் இருந்தால், வாசிக்கத் தெரிந்த முதியவரை உட்காரவைத்து வரிக்கு வரி கேளுங்கள். அன்று எங்கள் பகுதி இருந்த திருவிதாங்கூரின் காசில் 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய். விலையை இன்றைய மதிப்புக்கு மாற்றுவதில் எனக்கு நம்பிக்கையில்லை. அந்த நிலத்துக்கு எத்தனை கடவம் கருப்பட்டி விற்க வேண்டியிருந்தது என்று கேட்டுப் பாருங்கள், அவர் கழுத்து வலி புரியும்.

சாட்சிகளைத் தேடி எல்லையையும் தாண்டிப் போங்கள். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடும் கல்குளமும் தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் சென்னை மாநிலத்தோடு சேர, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றுவிட்டது. அங்கே வாழ்க்கைப்பட்ட அக்காவின் பிள்ளைகள் மலையாளத்தில்தான் நினைவுகூர்கிறார்கள். அவர்களுக்கு அம்மாச்சி, அதாவது அவர்களின் குஞ்ஞம்மா (சித்தி), ஒரு சண்டைக்காரி. அதையும் எழுதுங்கள். தன் தம்பியோடு அவர் பல வருடம் பேசாதிருந்ததை நீக்கச் சொல்லி எங்கள் வீட்டில் வற்புறுத்தினார்கள், நான் நீக்கவில்லை. மகன்களிடம் மட்டும் கேட்டால் மீன்குழம்பின் ருசியோடு கதை முடிந்துவிடும். அவர் பேரம் பேசிய விதம் சந்தையில் கூட இருந்த பெண்களுக்கே தெரியும்.

கேட்கும்போது "வாழ்க்கையைச் சொல்லுங்கள்" என்று தொடங்காதீர்கள். கடவத்தில் எத்தனை கருப்பட்டி கொள்ளும் என்று கேளுங்கள், மற்றவை தானே வரும். கைப்பேசியில் பதிந்ததை எழுதுகையில் அக்கானியைப் பதநீராகவும் மரச்சீனியை மரவள்ளியாகவும் திருத்த வேண்டாம்.

எழுதி முடித்ததை அச்சுக்குக் கொடுக்கும் முன், அவரை அறிந்த ஒருவருக்காவது உரக்க வாசித்துக் காட்டுங்கள். நான் வாசித்தபோது, சந்தையில் அவருக்குப் பக்கத்துக் கடவத்துக்காரியாக இருந்த மூதாட்டி சுண்ணாம்புக் கணக்கு வந்த இடத்தில் கையை உயர்த்தி நிறுத்தினார். கீறல் ஐந்து புள்ளிக்கல்ல, நாலுக்குத்தானாம். நாலு சக்கரம் ஒரு பணமல்லவா என்று கேட்டார்.