எள்ளும் கரும்புச் சர்க்கரையும்: பல் உடையாத ஐஸ்க்ரீம் சாண்ட்விச்

போன டிசம்பரில் முதல் தடவை இதைச் செய்தபோது என் மாமியார் ஒரு கடி கடித்துவிட்டு, தட்டைக் கீழே வைத்து, "என்னம்மா, இதை உளி வெச்சுத்தான் சாப்பிடணுமா?" என்று கேட்டார். பிஸ்கட் கல்லாகிவிட்டது. அழுத்திக் கடித்தால் ஐஸ்க்ரீம் நாலு பக்கமும் பிதுங்கி மடியில் விழுகிறது. தென்னாப்பிரிக்காவில் எங்கள் டர்பன் ஊரின் டிசம்பர் கோடை எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு மீதியைச் சொல்ல வேண்டாம். அப்புறம் நாலைந்து தடவை செய்து, வீட்டில் எல்லாரும் போதும் சாமி என்று கும்பிடும் அளவுக்கு ஊட்டி, ஒருவழியாகச் சரியாக வந்த முறை இது. ஐஸ்க்ரீம் யார் செய்தாலும் வந்துவிடும், கவனமெல்லாம் பிஸ்கட்டில்தான் வேண்டும்.

சுவைக்கு ஜப்பான். அங்கே கருப்பு எள் ஐஸ்க்ரீம் சர்வசாதாரணம். கினாக்கோ என்கிற வறுத்த சோயா மாவையும் குரோமிட்சு என்கிற கருப்புச் சர்க்கரைப் பாகையும் ஜோடியாக இனிப்புகள் மேல் போடுவார்கள். எள், வெல்ல வாசனை, வறுத்த மாவு எல்லாம் சேரும்போது நம் எள்ளுருண்டைக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருக்கும், அதனால்தான் எனக்கு இது உடனே பிடித்தது. அங்கே ஐஸ்க்ரீமை மொனாக்கா என்ற மெல்லிய அரிசி மாவு ஓட்டுக்குள் வைத்தும் விற்பார்கள். அதற்கு அச்சு வேண்டும், என்னிடம் இல்லை, ஆகவே பிஸ்கட்.

முதல் நாள் ஐஸ்க்ரீம். 80 கிராம் கருப்பு எள், 500 மில்லி ஃப்ரெஷ் க்ரீம், 385 கிராம் கண்டென்ஸ்ட் மில்க் டின் ஒன்று, ஒரு சிட்டிகை உப்பு. மெஷின் எதுவும் வேண்டாம்.

எள்ளை வறுப்பதில் நான் ஒரு தடவை மாட்டிக்கொண்டேன். கருப்பாக இருக்கிற ஒன்று சிவந்துவிட்டதா என்று எப்படிப் பார்ப்பது? வாசனை வருகிறதே என்று விட்டுவிட்டேன், அரைத்து நாக்கில் வைத்தால் ஒரே கசப்பு. இப்போது ஒரு டீஸ்பூன் வெள்ளை எள்ளையும் சேர்த்துப் போடுகிறேன். சின்னத் தீயில் கிளறிக்கொண்டே இருங்கள், வெள்ளை எள் பொன்னிறமானதும் உடனே தட்டில் கொட்டிவிடுங்கள், சட்டியிலேயே விட்டால் அந்தச் சூட்டிலேயே தீய்ந்துவிடும். ஆறினதும், எள்ளே எண்ணெய் கக்கி விழுதாகும் வரை அரைக்க வேண்டும். இங்கே கடைகளில் கிடைக்கிற பெரிய ஜாடி பிளெண்டர் இதற்கு உதவாது, எள் சுவரெல்லாம் ஒட்டிக்கொண்டு கத்தி சும்மா சுற்றும். ஊரிலிருந்து கொண்டுவந்த மிக்ஸியின் சட்னி ஜாடிதான் சரி. இல்லையென்றால் காப்பிக்கொட்டை அரைக்கிற குட்டி மெஷின்.

விழுதை முதலில் கண்டென்ஸ்ட் மில்க்கில் கலந்து, உப்பும் போட்டு, அடித்த க்ரீமில் மெதுவாகச் சேருங்கள். 20க்கு 30 சென்டிமீட்டர் தகர ட்ரேயில் பேக்கிங் பேப்பர் விரித்து ஊற்றினால் சுமார் 2 சென்டிமீட்டர் உயரம் நிற்கும். டப்பாவில் உறையவைத்துக் கரண்டியால் அள்ளி வைக்கலாம் என்று நினைக்காதீர்கள். இந்த ஊர் ஈரக்காற்றில் மூன்றாவது கரண்டி அள்ளும்போதே முதல் கரண்டி வழிய ஆரம்பித்துவிடும். பலகை மாதிரி உறையவைத்து, பிஸ்கட் வெட்டுகிற அதே வட்டத்தால் வெட்டுவதுதான் புத்திசாலித்தனம்.

இனி பிஸ்கட். டீயோடு சாப்பிட அருமையாக இருக்கிற பிஸ்கட் ஃப்ரீசரில் தோற்றுப்போவது ஏன் என்று எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை. வெண்ணெய் குளிரில் கட்டியாகிவிடுகிறது, மாவில் இருக்கிற ஈரமும் உறைந்துவிடுகிறது. நான் செய்த சோதனை இதுதான்: ஒரே மாவு, பாதியில் முழுக்க வெண்ணெய், மறுபாதியில் வெண்ணெயில் கொஞ்சத்தைக் குறைத்துச் சூரியகாந்தி எண்ணெய். இரண்டையும் ராத்திரி ஃப்ரீசரில் வைத்தேன். காலையில் முதலாவது டொக்கென்று உடைந்தது, இரண்டாவது வளைந்து கொடுத்தது. சர்க்கரையிலும் ஈரம் பிடிக்கிற வகை வேண்டும். ஈரமான கருஞ்சர்க்கரையும் பாகும் தண்ணீரைப் பிடித்துவைத்து அது எளிதில் உறையாமல் பார்த்துக்கொள்ளும்.

அளவு: வெண்ணெய் 80 கிராம், எண்ணெய் 30 மில்லி, ட்ரீக்கிள் சர்க்கரை (நான் சொன்ன ஈரமான கருஞ்சர்க்கரை) 120 கிராம், கோல்டன் சிரப் (பொன்னிறச் சர்க்கரைப் பாகு) 40 கிராம், முட்டை மஞ்சள் கரு ஒன்று, கேக் மாவு 200 கிராம், வறுத்த சோயா மாவு 30 கிராம், சமையல் சோடா அரை டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன். தயவுசெய்து தராசு வாங்குங்கள், கப் கணக்கில் செய்து ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி வந்து நான் அழுததுதான் மிச்சம். ட்ரீக்கிள் சர்க்கரை குரோமிட்சுவுக்கு நல்ல மாற்று, நம் மாகாணத்துக் கரும்புக்கு அதுவாவது நன்றி. இந்தக் கரும்புத் தோட்டங்களுக்காகத்தான் 1860-ல் ட்ரூரோ கப்பல் மதராஸிலிருந்து நம்மவர்களை ஏற்றிக்கொண்டு டர்பனுக்கு வந்தது. சோயா மாவு கடையில் பச்சையாகத்தான் கிடைக்கும், வெறும் சட்டியில் கடலைமாவு வறுக்கிற மாதிரி பச்சை வாசனை போகும் வரை வறுத்துச் சலித்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் பிசைந்து, ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து, இரண்டு பேப்பருக்கு நடுவில் 5 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, 6.5 சென்டிமீட்டர் வட்டமாக வெட்டினால் 24 வரும். முள்கரண்டியால் குத்துங்கள், அழகுக்காக இல்லை, ஆவி வெளியேறாவிட்டால் உப்பிக்கொள்ளும். 180 டிகிரியில் 9 நிமிடம். எடுக்கும்போது நடுவில் விரல் வைத்தால் அமுங்கும், வேகவில்லையோ என்று பயந்து இன்னும் மூன்று நிமிடம் வைக்கத் தோன்றும். வைக்காதீர்கள். என் முதல் பிஸ்கட் கல்லானதில் பாதிக் காரணம் அந்த மூன்று நிமிடம்தான்.

ஆறின பிஸ்கட்டையும் ஃப்ரீசரில் அரை மணி வைத்துவிட்டு, அப்புறம் ஜோடி சேருங்கள். தட்டையான அடிப்பக்கம் ஐஸ்க்ரீமைப் பார்க்க வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டுக்கு மேல் வெளியே எடுக்க வேண்டாம். மெழுகுத்தாளில் தனித்தனியாகச் சுற்றி மறுபடி உள்ளே வைத்து, ஒரு ராத்திரி விடுங்கள். ஐஸ்க்ரீமின் ஈரம் கொஞ்சம் பிஸ்கட்டில் இறங்கி மறுநாள்தான் பதமாக இருக்கும். பன்னிரண்டு வரும், ட்ரேயில் மிஞ்சுகிற மூலைகள் செய்தவருக்கு.

பிறகு சேர்த்தது: மின்வெட்டு வந்தால் என்ன செய்வது என்று இரண்டு பேர் கேட்டார்கள். 2023-ல் பட்டவர்களுக்குத் தெரியும், இரண்டு மணி நேரத்துக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் உருகிவிட்டதா என்று நிமிஷத்துக்கு ஒரு தரம் கதவைத் திறந்து பார்க்கக் கூடாது. பாதி உருகி மறுபடி உறைந்தால் மணல் மாதிரி நறநறவென்று ஆகிவிடும்.

புரட்டாசியில் முட்டை சேராதே என்று கேட்ட அக்காவுக்கு: மஞ்சள் கருவுக்குப் பதில் ஒன்றரை டேபிள்ஸ்பூன் அமாசி (இந்த ஊர்ப் புளித்த பால், தயிர் மாதிரி) விட்டுப் பார்த்தேன். மாவு கொஞ்சம் பிசுபிசுவென்று இருக்கிறது, ஃப்ரிட்ஜில் ஒரு மணிக்குப் பதில் இரண்டு மணி வையுங்கள். மாமியார் இரண்டு சாப்பிட்டார், உளி கேட்கவில்லை.