ஓசோன்ல ஓட்டைன்னு சொல்லிட்டே நாம பண்ற தப்புங்க

2024 ஏப்ரல் கடைசில ஈரோட்டுல 42 டிகிரியத் தாண்டி காஞ்சப்போ எங்க ஊரு டீக்கடைல ஒரே பேச்சு, ஓசோன்ல ஓட்டை விழுந்துருச்சாமா அதான் இப்பிடி கொளுத்துதுன்னு. மொதல் தப்பே இதானுங்க. ஓசோன்ங்கறது சூரியனோட புற ஊதாக் கதிரை மேலயே தடுக்கற படலம், அதுல ஓட்டைன்னா அந்தக் கதிர் சமாச்சாரம், 1987ல மாண்ட்ரியல்ல ஒப்பந்தம் போட்டு அதுக்கு காரணமான கேஸை எல்லாம் கொறைச்சு இப்போ மெதுவா தேறிட்டு வருது. பூமி சூடாகறது முக்கியமா நிலக்கரி, டீசல், பெட்ரோல் எரிக்கறதால. காத்துல பத்து லட்சம் பங்குல 280 பங்கா இருந்த கார்பன் டை ஆக்சைடு இப்போ 420ஐ தாண்டிருச்சு, மேல போற சூட்டை அது விடமாட்டேங்குது.

ஓசோனைக் கெடுத்த கேஸுக்கு பதிலா வந்ததுதான் இப்போ வீட்டு ஏசில இருக்குது, ஆர்-32, ஆர்-410ஏன்னு ஸ்டிக்கர்ல போட்டிருக்கும் பாருங்க. ஓசோனுக்கு ஒண்ணும் ஆகாது, ஆனா ஒரு கிலோ ஆர்-32 வெளிய போனா 675 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்கு சமம், அதாவது சுமாரா 290 லிட்டர் பெட்ரோல் எரிச்ச கணக்கு! போன வருசம் எங்க வீட்டுக்கு வந்த மெக்கானிக் தம்பி "கேஸ் கொறஞ்சிருச்சுங்ணா, ஃபில் பண்ணிரலாம்"னு சொல்லி வால்வைத் தொறந்து மிச்சமிருந்ததையும் புஸ்ஸுனு வெளிய விட்டாரு, நானும் வேடிக்கை பாத்துட்டு நின்னேன். ஏசி கேஸ் தானா கொறையாதுங்க, எங்கயோ லீக் இருக்கோணும். சோப்பு நுரை வெச்சு லீக்கைக் கண்டுபுடிச்சு, அதை அடைச்சுட்டு அப்புறம் ஃபில் பண்ணச் சொல்லுங்க, பழைய கேஸை சிலிண்டர்ல புடிக்கச் சொல்லுங்க.

பல்லடம், உடுமலை பக்கம் இத்தனை காத்தாடி சுத்துதே, நம்ம கரண்டு சுத்தம்தானன்னு ஒரு நெனப்பு. பாலக்காட்டு கணவாய்க் காத்து ஆடில வீசும், காத்து நின்னா மேட்டூர்லயும் நெய்வேலிலயும் கரிதான் எரியோணும். நாட்டு சராசரில ஒரு யூனிட்டுக்கு சுமாரா 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. 75 வாட் ஃபேனைக் கழட்டிட்டு 30 வாட் ஃபேன் மாட்டறதுக்கு கொஞ்சம் செலவாகும்தான், பில்லுலயே திரும்ப வந்துரும்.

மரம் நடறதை குறை சொல்லலைங்க, ஆனா வருசா வருசம் ஜூன் 5 சுற்றுச்சூழல் தினத்துக்கு அதே குழில புதுச் செடி வெச்சு போட்டோ எடுக்கறதுக்கு பேரு மரம் நடறதா?

தோட்டங்காட்டுப்பக்கம் வந்தா கரும்பு வெட்டுனதும் சோகைக்கு, அதான் காஞ்ச கரும்பு எலைக்கு, தீ வெக்கறது. எங்கப்பாருகிட்ட கேட்டா "கரும்பு காத்துல இருந்து எடுத்ததுதான காத்துக்கே போகுது"ம்பாரு, அது ஓரளவுக்கு சரிதான். ஆனா புகையோட கரியும், சூட்டைப் புடிச்சு வெக்கற மீத்தேன் கேஸும் போகுது, சோகைல இருந்த தழைச்சத்தும் போகுது, அப்புறம் அதுக்கு யூரியா மூட்டை தூக்கியாந்து போடறோம். அந்த யூரியால ஒரு பங்கு நைட்ரஸ் ஆக்சைடா கெளம்பும், சூடாக்கறதுல அது கார்பன் டை ஆக்சைடை விட 270 மடங்கு மோசம். சோகையை எரிக்காம கரும்புப் பாருக்குள்ள மண்ணை மூடற மாதிரி மூடாக்கா போட்டா களையும் வராது தண்ணியும் மிச்சம், எலி வருமேன்னா வரும், அதுக்கு தனியா பாத்துக்கோணும்.

நெல்லு போடறவங்க எந்நேரமும் தண்ணி கட்டி வெச்சா சேத்துல மீத்தேன் ஊறும். காய்ச்சலும் பாய்ச்சலுமா விடுங்க. ஓட்டை போட்ட பிவிசி குழாயை வயல்ல பதிச்சு, தண்ணி மண்ணுக்கு கீழ 15 சென்டிமீட்டர் எறங்குனப்புறம் பாய்ச்சுனா போதும், பூக்கற சமயத்துல மட்டும் காயவிட்றாதீங்க.