வீட்டுக் கணினியில் கட்டற்ற மென்பொருள்: எதை முதலில் மாற்றுவது?

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திக்கொண்டதால், விண்டோஸ் 11 கேட்கும் வன்பொருள் இல்லாத பல கணினிகள் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே பழையவையாகிவிட்டன. அவற்றைக் கட்டற்ற மென்பொருளுக்கு, அதாவது யாரும் பயன்படுத்தவும் திருத்தவும் பகிரவும் உரிமை தரும் மென்பொருளுக்கு, மாற்றினால் இன்னும் பல ஆண்டுகள் பயன்படுத்தலாம். ஆங்கிலத்தில் 'free' என்ற ஒரே சொல் இலவசத்தையும் சுதந்திரத்தையும் குறிப்பதால் எழும் குழப்பம், 'கட்டற்ற' என்ற நம் சொல்லில் இல்லை.

மாற நினைப்பவர்கள் பலர், ஒரே ஞாயிற்றுக்கிழமையில் விண்டோஸை அழித்து, கட்டற்ற இயங்குதளமான லினக்ஸை நிறுவிவிட்டு, மறுநாள் பிள்ளையின் பள்ளிக் கோப்பு திறக்கவில்லை என்றதும் பழையபடி விண்டோஸுக்கே திரும்பிவிடுகிறார்கள். இயங்குதளத்தைக் கடைசியில்தான் மாற்ற வேண்டும். லிப்ரெஆபீஸ் (ஆவணங்களுக்கு), ஃபயர்பாக்ஸ் (இணைய உலாவி), தண்டர்பேர்டு (மின்னஞ்சலுக்கு), விஎல்சி (காணொளிக்கு), கிம்ப் (படத் திருத்தத்துக்கு) ஆகிய கட்டற்ற மென்பொருள்கள் அனைத்தும் விண்டோஸிலும் இயங்குபவை. அவற்றை அங்கேயே நிறுவி, ஓரிரு மாதங்கள் அவற்றைக் கொண்டே வேலை செய்து பாருங்கள். கை பழகிவிட்டால், அடியிலிருக்கும் இயங்குதளம் மாறுவது பெரிதாகத் தெரியாது.

லிப்ரெஆபீஸில் தமிழர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. அது தமிழைச் சிக்கலான எழுத்தமைப்புள்ள மொழிகளின் வரிசையில் வைத்து, அதற்கெனத் தனி எழுத்துருவையும் அளவையும் பேணுகிறது. அமைப்புகளில் மொழிப் பகுதிக்குச் சென்று சிக்கலான எழுத்தமைப்பு (CTL) வசதியை இயக்கித் தமிழைத் தேர்ந்தெடுத்துவிட்டால், எழுத்துரு தொடர்பான குழப்பங்களில் பெரும்பகுதி தீரும். வேர்டு கோப்புகள் பொதுவாகச் சரியாகவே திறக்கும். சிக்கலான அட்டவணைகளும் மேக்ரோக்களும் (கோப்புக்குள் தானாக இயங்கும் கட்டளைகள்) மட்டும் இடம் பிசகலாம் என்பதால், திருத்தம் தேவைப்படாத ஆவணங்களைப் பிடிஎஃப் வடிவில் அனுப்புவது நல்லது.

இதைவிட முக்கியமானது பழைய தமிழ் ஆவணங்கள். பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்தவை உண்மையில் ஆங்கில எழுத்துகளாகவே சேமிக்கப்பட்டுள்ளன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை அரைப்புள்ளிகள் விரவிய குப்பையாகத் தெரியும். எழுத்துருக் கோப்பை லினக்ஸுக்கும் எடுத்துச் செல்லலாம் என்றாலும், அதில் தேடவும் முடியாது, கைபேசியில் படிக்கவும் முடியாது. என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றிகள் விண்டோஸில் இயங்குபவை ஆதலால், அங்கிருந்து கிளம்புவதற்கு முன்பே எல்லாவற்றையும் எல்லாக் கருவிகளும் புரிந்துகொள்ளும் பொதுக் குறிமுறையான யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள்.

அடுத்து, கோப்புகள் அனைத்தையும் வெளி வன்தட்டில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். மடிக்கணினியில் வன்தட்டைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் குறியாக்கம் இயங்குகிறதா என்று பார்த்து, அதன் மீட்புத் திறவுகோலைத் தாளில் எழுதி வைத்துக்கொள்வதும் அவசியம். கணினியின் தொடக்க அமைப்புகளில் (BIOS) கை வைத்தபின் கணினி அதைக் கேட்கக்கூடும்.

லினக்ஸில் பல வகைகள் உண்டு; புதியவர்களுக்கு நான் லினக்ஸ் மின்டைப் பரிந்துரைப்பேன். அதன் தோற்றம் விண்டோஸ் பழகியவருக்கு அந்நியமாக இராது. 4 ஜிபி நினைவகம் இருந்தால் போதுமான அளவு ஓடும். அதன் கோப்பைப் பதிவிறக்கி, ரூஃபஸ் என்ற விண்டோஸ் செயலியைக் கொண்டு ஒரு பென் டிரைவில் ஏற்றிக் கணினியை அதிலிருந்து தொடங்கினால், வன்தட்டில் எதையும் மாற்றாமலேயே சோதித்துப் பார்க்கலாம். வைஃபை, ஒலி, கேமரா ஆகியவற்றோடு அச்சுப்பொறியையும் இப்போதே பாருங்கள்; பழைய லேசர் அச்சுப்பொறிகள் சில எளிதில் இணங்குவதில்லை.

எல்லாம் சரியாக இருந்தால், விண்டோஸின் விரைவுத் தொடக்கத்தை (Fast Startup) நிறுத்தி, அதன் வட்டுப் பகுதியைச் சுருக்கி, காலியான இடத்தில் மின்டை நிறுவுங்கள். விரைவுத் தொடக்கம் இயங்கிக்கொண்டிருந்தால், விண்டோஸ் பகுதியில் உள்ள கோப்புகளை லினக்ஸிலிருந்து படிக்க மட்டுமே முடிகிற நிலை வரலாம். தமிழ்த் தட்டச்சுக்கு ஐபஸ் (IBus), எம்17என் (m17n) என்ற உள்ளீட்டு மென்பொருள் தொகுப்புகளை நிறுவினால், தமிழ்99, தட்டச்சுப்பொறி, ஒலிபெயர்ப்பு ஆகிய மூன்று விசைப்பலகைகளும் கிடைக்கும்.

டேலியில் கணக்கெழுதுபவர்களும், டிஜிட்டல் கையொப்பக் கருவியை நம்பியிருப்பவர்களும் விண்டோஸ் பகுதியை அழிக்காமல் வைத்திருக்கட்டும். ஆதரவு முடிந்த பகுதி என்பதால் அந்த வேலைக்கு மட்டும் அதைத் திறந்து, வங்கிக் கணக்கையும் மின்னஞ்சலையும் லினக்ஸ் பக்கமே பார்த்துக்கொள்ளலாம்.