மெஜிக் பழகுகிறவர்கள் காசு விஷயத்தில் விடும் தவறுகள்

போன மாதம் ஒரு பின்னேரம் திருகோணமலை உப்புவெளிக் கடற்கரையில், என்னிடம் மெஜிக் பழக வரும் தம்பி ஒருவன் புதிதாக ஒன்று காட்டப்போகிறேன் என்று நின்றான். இரவல் வாங்கிய இருபது ரூபாத் தாள் அவன் இரண்டு கைகளுக்கும் நடுவில் அந்தரத்தில் மிதக்க வேண்டும். மிதந்தது. மூன்று விநாடிதான், கடற்காற்று ஒரு தட்டுத் தட்டியதும் தாள் சுழன்று மணலில் விழுந்தது, அதை எது தூக்கிப் பிடித்திருந்தது என்பதும் வெயிலில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. (அது என்னவென்று இங்கே எழுதமாட்டேன்.)

எங்கே எடுத்தாய் என்று கேட்டேன். டெலிகிராம் குரூப்பில் சும்மா கிடந்தது அண்ணா என்றான். வாங்கிப் பார்த்தால், முழு வீடியோகூட அல்ல, யாரோ வெட்டிப் போட்ட துண்டு. இரகசியம் இருக்கிறது, வெளிச்சம் எந்தப் பக்கம் இருக்க வேண்டும், காற்றில் என்ன செய்வது என்கிற பகுதி எதுவுமே இல்லை.

முதல் தவறு இதுதான்: காசு கொடுப்பது இரகசியத்துக்கு என்று நினைப்பது. இரகசியம் பெரும்பாலும் இரண்டு வரியில் முடிந்துவிடும், கேட்டால் "இவ்வளவுதானா" என்றுகூடத் தோன்றும். அதை உருவாக்கியவர் உழைத்தது மற்றதில். எந்தச் சொல் சொல்லும்போது கை நகர வேண்டும், இடப்பக்கம் இருக்கிறவர் எதைக் கண்டுவிடுவார், இடையில் பிழையாகிவிட்டால் எப்படிச் சமாளிப்பது, இதையெல்லாம் மேடையில் அடிபட்டு அடிபட்டுத்தான் கண்டுபிடிக்க முடியும். ஒரு பாட்டைக் கோடிப் பேர் கேட்பார்கள். ஒரு சீட்டு வித்தையைக் காசு கொடுத்து வாங்குகிறவர்கள் உலகம் முழுக்கத் தேடினாலும் கொஞ்சப் பேர்தான், அதில் பாதிப் பேர் களவாக இறக்கினால் அந்த மனிதர் அடுத்த வித்தையைச் செய்வதற்குப் பதிலாக வேறு வேலை பார்க்கப் போய்விடுவார்.

அடுத்தது சட்டத்தைச் சாட்டுவது. "மெஜிக் முறைக்குச் சட்டத்தில் உரிமை இல்லைதானே?" என்று கேட்பார்கள். பதிப்புரிமையை (கொப்பிரைட்) பொறுத்தவரை அது பாதி உண்மை. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமே எண்ணத்துக்கும் செய்முறைக்கும் பதிப்புரிமை கிடையாது என்கிறது. ஆனால் அந்தச் செய்முறையைச் சொல்லித்தரும் வீடியோவும் புத்தகமும் படங்களும் ஒருவருடைய ஆக்கங்கள், அவற்றுக்கு உரிமை உண்டு. ஆகவே குரூப்பில் கிடக்கும் வீடியோ சட்டப்படியும் களவுதான்.

சட்டம் எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்பதற்கு இரண்டு கதைகள் சொல்கிறேன். பெண்ணை வாளால் அறுக்கும் வித்தையை 1921இல் லண்டன் மேடையில் செல்பிட் என்ற மெஜிக்காரர் செய்துகாட்டினார். அதே ஆண்டு ஹொரஸ் கோல்டின் என்ற இன்னொரு மெஜிக்காரர் தன்னுடைய வடிவத்தை அமெரிக்காவில் கொண்டுவந்து, 1923இல் அதற்குக் காப்புரிமையும் (பேட்டன்ட்) எடுத்தார். காப்புரிமை எடுப்பதென்றால் முறையைப் படத்தோடு விளக்கிப் பகிரங்கமாக வைக்க வேண்டும். 1933இல் ஒரு சிகரெட் கம்பனி அந்த இரகசியத்தைத் தன் விளம்பரத்தில் போட்டபோது அவர் வழக்குப் போட்டார், 1938இல் தோற்றார். மற்றது டெலர் என்ற அமெரிக்க மெஜிக்காரரின் கதை. ரோசாப்பூவின் நிழலைக் கத்தியால் வெட்ட, உண்மையான பூவின் இதழ்கள் உதிரும் அந்த வித்தையை அவர் 1983இலேயே ஊமை நாடகமாகப் பதிப்புரிமைக்குப் பதிவுசெய்து வைத்திருந்தார். அதைப் பார்த்துச் செய்து யூடியூப்பில் போட்டு விற்கப் பார்த்த ஒருவருக்கு எதிராக 2014இல் அமெரிக்க நீதிமன்றம் டெலரின் பக்கம் நின்றது. அங்கே காப்பாற்றப்பட்டது முறை அல்ல, நிகழ்ச்சி. முறையைக் காப்பது நம்முடைய நேர்மை மட்டும்தான், வேறு வேலி கிடையாது.

சரி, காசு கொடுத்து வாங்கிவிட்டேன், இனி என் விருப்பம் என்பது இன்னொரு தவறு. வாங்கினால் நீங்கள் செய்துகாட்டலாம். மற்றவனுக்குச் சொல்லிக்கொடுக்கவோ, தமிழில் விளக்கி யூடியூப்பில் போடவோ, டிவியில் செய்யவோ பெரும்பாலும் தனி அனுமதி வேண்டும், வாங்கும் இடத்திலேயே அதை எழுதியிருப்பார்கள். புத்தகத்தைச் சிநேகிதனுக்கு இரவல் கொடுப்பதில் பிழையில்லை, கொடுத்தால் அது உங்கள் கையில் இல்லை. பிடிஎஃப்பை அனுப்பினால் ஒன்று இரண்டாகிறது, நாளைக்கு இருநூறாகிறது. இதன் வலி எனக்குத் தெரியும். பிறந்தநாள் வீடுகளில் செய்வதற்காக இரண்டு வருடம் செதுக்கிய ஒரு நிகழ்ச்சியை, நான் பேசுகிற வசனம், நான் மூச்சுவிடும் இடம் உட்பட அப்படியே ஒருவர் செய்து பேஸ்புக்கில் போட்டிருந்தார். கேட்டிருந்தால் நானே பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுத்திருப்பேன்.

மலிவான போலிச் சாமானும் அப்படித்தான். இணையக் கடையில் கால் விலைக்கு வரும்போது, காசு கொடுத்துத்தானே வாங்கினேன் என்று மனம் சமாதானம் சொல்லும். அந்தக் காசில் ஒரு சதமும் உருவாக்கியவருக்குப் போவதில்லை. வாங்கமுதல் அவர் பெயரைத் தேடி, அவர் எங்கே விற்கிறார் என்று பாருங்கள்.

இனி, எங்கள் ஆட்கள் உண்மையாகச் சொல்லும் காரணம்: காசில்லை. 2022க்குப் பிறகு டொலர் 300 ரூபாவைச் சுற்றி நிற்கிறது, 35 டொலர் வீடியோ பத்தாயிரம் ரூபாவைத் தாண்டும், படிக்கிற பிள்ளையிடம் கடனட்டையும் இல்லை. இதை நான் லேசாக எடுக்கவில்லை. ஆனால் காசில்லாமல் மெஜிக் பழக முடியாது என்பது பிழை. ஹொஃப்மன் என்பவரின் 1876ஆம் ஆண்டு மெஜிக் நூல், உரிமைக் காலம் முடிந்து இன்று எல்லோருக்கும் பொது. எர்ட்னேஸ் என்ற புனைபெயரில் 1902இல் வந்த சீட்டுக்கட்டு நூலும் அப்படித்தான், சட்டப்படியே இலவசமாக இறக்கலாம், உலகத்தின் நல்ல சீட்டுக்காரர்கள் இன்றும் அதைத்தான் புரட்டுகிறார்கள். கவிழ்த்த கிண்ணங்களுக்குள் உருண்டை மறைந்து தோன்றும் கிண்ணமும் உருண்டையும் என்ற வித்தை பழைய ரோமில், எழுத்தாளர் செனகா காலத்திலேயே இருந்தது, நம் பக்கத்துத் தெரு வித்தைக்காரர்களும் தலைமுறை தலைமுறையாகச் செய்தது, யாருக்கும் காசு கட்டத் தேவையில்லை. இவற்றில் ஆறு மாதம் கிடந்து பழகுங்கள். அப்புறம் காசு சேர்த்து வருடத்துக்கு ஒன்று வாங்கினால் போதும்.

பார்த்தே கண்டுபிடித்துவிட்டேன், அதனால் என்னுடையது என்று ஒருவர் போன கிழமை வாதாடினார். கண்டுபிடித்தது கெட்டித்தனம்தான். அதை மேடையில் செய்வதாக இருந்தால் உருவாக்கியவருக்கு நாலு வரி மெயில் எழுதிக் கேளுங்கள். நான் எழுதியவர்களில் பலர் பதில் போட்டிருக்கிறார்கள், ஒருவர் நான் கேட்காத நுணுக்கத்தையும் சேர்த்து அனுப்பினார்.

அந்தத் தம்பியின் போனில் அறுநூற்றுச் சொச்சம் வீடியோ இருந்தது. எத்தனையைப் பார்த்து முடித்தாய் என்று கேட்டேன், ஒன்றுமில்லை என்றான். அழி என்று நான் சொல்லவில்லை, இரண்டு நாள் கழித்து அவனாகவே அழித்துவிட்டு வந்தான். இப்போது மூன்று தேங்காய்ச் சிரட்டைகளை ஒரே அளவில் பார்த்து எடுத்து, மண்கடதாசியால் தேய்த்துக்கொண்டிருக்கிறான். உருண்டைக்குப் புளியங்கொட்டை சரிவராது, உருளும்போது சத்தம் போடுகிறது, பஞ்சைத் துணியில் சுற்றிப் பார்க்கிறேன் அண்ணா என்றான்.